மூன்று நாளும் நூற்றுப்பத்து

மூட்டை தூக்கிய ஆள் நான்.
ஒரு சிறுநீரகத்தை மகளுக்குக் கொடுத்த பிறகு
பாரம் தூக்கக் கூடாதென்று கடிதம் தந்தார்கள்.
சீனன்குடா மா ஆலையில்
இப்போது எனக்குத் தராசடி வேலை.
ஐம்பது கிலோ என்று அச்சடித்த சாக்கு
ஒருநாளும் சரி ஐம்பதில் நிற்பதில்லை.
நாற்பத்தொன்பது தொள்ளாயிரம்,
ஐம்பது நூற்றிருபது.
உண்மையான நிறைக்கு
சின்னதாய் ஒரு தள்ளாட்டம் உண்டு.

சாம்பவிக்குப் பதினொரு வயது.
என்னுடையது அவள் வயிற்றின் வலப்பக்கம்
பதினான்கு மாதமாய்க் குடியிருக்கிறது.
அவள் உடம்பு அதை விரட்டாமலிருக்க
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் குளிசைகள்.
காவலுக்கு வந்த அவைதான்
கூடவே ஒரு விருந்தாளியையும் கூட்டிவந்து
இரத்தத்தில் பாய் விரித்தன.
சீனி.
சீனன்குடாவை அவள் இப்போது
சீனிக்குடா என்கிறாள்.

கண்டி கிளினிக்கில் டொக்டர் சொன்னார்:
"இனிப்புத் தின்று வந்ததில்லை இது.
ஒருவரும் பிழை செய்யவில்லை.
அளவை நாங்கள் மெல்லக் குறைத்துப் பார்ப்போம்.
நீங்களாக ஒன்றையும் நிறுத்த வேண்டாம்."
ஹபரணைக் காட்டுக்குள் பஸ் ஓடும்போது கேட்டாள்:
"ஒருத்தரும் பிழை செய்யேல்லையெண்டா
ஏன் எனக்கு ஊசி?"
கந்தளாய் வரும்வரை என்னிடம் பதில் இல்லை.
கந்தளாய் வந்த பிறகும்.

பெரியகடையில் கண்ட ஒருவர்
நேர்த்தி வைத்துவிட்டுக் குளிசையை விடு என்றார்.
வதனி அவரோடு பிறகு பேசவில்லை.
வகுப்பு டீச்சர் மேசை லாச்சியில்
ஒரு ஜூஸ் பெட்டி வைத்திருக்கிறா,
கை நடுங்கினால் கேட்காமலே எடுக்கலாம்.
விரல் குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப்
ஒரு டப்பாவில் ஐம்பது;
அரிசி எண்ணுவதுபோல் எண்ணுகிறோம்.

காலையில் நல்ல பிள்ளையாய் நிற்கும் எண்
பின்னேரம் குழப்படி செய்யும்.
கன்னியாவில் ஏழு கிணறும் அருகருகேதான்,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு.
இங்கே ஒரு பிள்ளைக்குள் ஏழு கிணறு.

போன கிழமை நீலக் கொப்பியைத் திறந்தேன்.
திங்கள் பின்னேரம் 110.
செவ்வாய் 110.
புதன் 110.
தராசடி மனிசனுக்கு அது போதும்.
மெஷினின் ஞாபகத்தைத் தட்டிப் பார்த்தேன்:
263. 241. 288.

அவள் வாசற்படியில் இருந்தாள்.
கேற்றடியில் புள்ளிமான் ஒன்று
யாரோ எறிந்த லஞ்ச் ஷீட்டை
மென்றுகொண்டு நின்றது.
"சோறு ஒட்டியிருக்கு, அதுதான் தின்னுது,"
என்றாள், மானுக்காக வாதாடுபவள்போல.
கொப்பியை மடியில் வைத்தேன்.
கனநேரம் கழித்து,
மானைப் பார்த்தபடியே:
"பெரிய எண் எழுதினா
நீங்க விலாவைத் தடவுறீங்க அப்பா."

தெரியாது எனக்கு.
என் கைக்கு அப்படியொரு பழக்கம் இருப்பது
சத்தியமாய்த் தெரியாது.

கொடுத்ததை நிறுத்துப் பார்க்கிற ஆளில்லை நான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
வந்ததென்னவோ
ஐம்பது கிலோச் சாக்கின் கதை.
நூற்றிருபது கிராம் கூடினால்
சாக்கை ஏசுவீங்களோ என்று கேட்டாள்.
இல்லை, எழுதிவைப்பேன் என்றேன்.
எழுதாவிட்டால்தான் மேலாளர் என்னை ஏசுவார்.
அதற்குச் சிரித்தாள்.
மான் ஷீட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டது,
நாங்கள் இருவரும் எழும்பித் துரத்தியும்.

இன்று வெள்ளி, பின்னேரம் நாலரை.
271.
பக்கத்தில் அவளுடைய சாய்ந்த எழுத்தில்:
ஜெனுஷாவின் பிறந்தநாள். கேக் அரைத்துண்டு.
ஐசிங் நானாய்த்தான் கேட்டு வாங்கினேன்.

என் கை புறப்பட்டது,
பாதி வழியில் கண்டுபிடித்து
ஊசி மருந்தை எடுக்க அனுப்பினேன்.
டொக்டர் எழுதித்தந்த தாளை விரல்வைத்து வாசித்து
தானே இழுத்தாள், நாலு யூனிட்.
"சரியோ பாருங்க."
ஜன்னல் வெளிச்சத்தில்
கண்ணுக்கு நேரே பிடித்தேன்.
நாலுதான்.